நெஞ்சு வலிக்கு சீன மாத்திரை: "ஆதாரம் இருக்கு"ன்னு யாராவது சொன்னா அத எப்படிப் பாக்குறது

மொதல்ல ஒண்ணு. இத படிக்கிற இந்த நிமிஷத்துல உங்களுக்கோ வீட்ல யாருக்குமோ நெஞ்ச இறுக்கிப் பிடிக்கிற மாதிரி இருந்தா, கைக்கோ தாடைக்கோ வலி பரவினா, குப்புனு வேர்த்தா, படிக்கிறத நிறுத்திட்டு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. சிங்கப்பூர்ல 995, மலேசியாவுல 999, தமிழ்நாட்டுல 108, இலங்கையில 1990. இந்தப் பதிவு எங்கயும் ஓடிப் போகாது.

இப்ப கதைக்கு வரேன். நாங்க இருக்கிறது சிங்கப்பூர்ல, எங்க அப்பாவுக்கு ஆஞ்சைனா, அதாவது இதயத்துக்கு ரத்தம் பத்தாம வர்ற நெஞ்சு வலி, மாடி ஏறுனா நெஞ்சு பிடிக்கும், உக்காந்தா போயிடும், நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை சட்டைப் பையிலயே இருக்கும். மேல் மாடியில இருக்கிற சீன அங்கிள் ஒரு நாள் லிஃப்ட்ல அப்பா நெஞ்ச தடவிக்கிறத பாத்துட்டு மறுநாளே ஒரு குட்டி பீங்கான் பாட்டில கொண்டாந்து குடுத்துட்டுப் போயிட்டாரு. சுரைக்குடுக்கை ஷேப்ல, விரல் நீளம். உள்ள கொத்தமல்லி விதை சைஸ்ல பழுப்பு மஞ்சள் உருண்டைங்க. மூடியத் தொறந்தா கோயில் தீர்த்த வாசனை. அப்பா உடனே, "பாரு, பச்சைக் கற்பூரம் போட்டுருக்கான், நம்ம மருந்துதான்"னாரு. நான் கூகுள் பண்ண உக்காந்தேன், "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது"ன்னு ஒரு நூறு பக்கம், "எல்லாம் டுபாக்கூர்"னு ஒரு நூறு பக்கம். ரெண்டையும் ஓரமா வெச்சுட்டு மூலத்துக்குப் போய்ப் படிச்சேன். அதுல கத்துக்கிட்டத, அதே மாதிரி பாட்டில் கையில வெச்சுக்கிட்டு முழிக்கிறவங்களுக்காக எழுதுறேன். நான் டாக்டர் இல்ல.

மொதல் வேலை, பாட்டில் மேல என்ன பேர் இருக்குன்னு சரியா கண்டுபிடிக்கிறது. "ஹார்ட்டுக்கு சைனீஸ் மெடிசின்"னு ஒரே மருந்து கிடையாது, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலஞ்சு இருக்கு. எங்களுக்கு வந்தது சுசியாவ் ஜியூசின் வான். பேரப் பிரிச்சா, சட்டுனு வேலை செய்யும், இதயத்தக் காப்பாத்தும், உருண்டை. பேர்லயே விளம்பரம் முடிஞ்சு போச்சு! உள்ள இருக்கிறது ரெண்டே சரக்கு, சிச்சுவான் பக்கம் வெளையிற சுவான்சியோங்னு ஒரு வேர், அப்புறம் போர்னியோல். போர்னியோல்னா போர்னியோ கற்பூரம், அதனால அப்பா மூக்கு பொய் சொல்லல. (இந்தக் கற்பூரத்துக்குப் பேர்போன சுமத்ராவோட பாரூஸ் பக்கம் தமிழ் வணிகர்கள் 1088-லயே கல்வெட்டு வெச்சிருக்காங்க, அது தனிக்கதை.) டான்ஷென் மாத்திரை வேற, அதுல டான்ஷென் வேர், சான்ச்சினு இன்னொரு வேர், போர்னியோல். ஷெசியாங் பாவ்சின் வேற, அதுல கஸ்தூரி, ஜின்செங், கோரோசனை, பட்டை, தேரை விஷம்னு ஏழு சரக்கு. டோங்சின்லுவோ இன்னும் வேற, அட்டை, தேள், பூரான் எல்லாம் போட்ட கேப்ஸ்யூல். ஒண்ணுக்கு நடந்த ட்ரயல (மருந்த நோயாளிங்களுக்குக் குடுத்து சோதிக்கிறது) காட்டி இன்னொண்ண விக்கிறதுதான் இந்த ஏரியாவுல அதிகமா நடக்குற கோல்மால், அதனால பேர்ல கோட்டை விட்டா மிச்சது எல்லாமே வீண்.

"ஐயாயிரம் வருஷப் பாரம்பரியம்"னு சொன்னா கொஞ்சம் பொறுங்க. நெஞ்சு அடைப்புக்கு சீன வைத்தியத்துல சியோங்பின்னு ஒரு பேரு உண்டு, ஜாங் ஜோங்ஜிங்னு ஹான் காலத்து வைத்தியர் கிட்டத்தட்ட 1800 வருஷம் முன்னாடியே அதப் பத்தி எழுதிட்டாரு. ஆனா எங்க கையில இருக்கிற இந்த உருண்டை 1980-கள் தொடக்கத்துல தியான்ஜின்ல ஒரு மருந்து ஃபேக்டரியில செஞ்சது. சரக்கு பழசு, மாத்திரை என் வயசு. அது தப்புன்னு சொல்லல, ஆனா "தாத்தா காலத்துல இருந்து சாப்பிடுறாங்க"ங்கற வாதம் இதுக்குப் பொருந்தாது.

ரெண்டாவது, எதுக்கு ஆதாரம்னு கேக்கணும். நான் தடுமாறுன இடம் இதுதான். நெஞ்சு வலிக்கு ஒரு மருந்து வேலை செய்யுதுன்னா மூணு அர்த்தம் இருக்கலாம். இப்ப வந்திருக்கிற வலிய கொறைக்குதா, வாரத்துக்கு வர்ற வலியோட எண்ணிக்கைய கொறைக்குதா, இல்ல ஹார்ட் அட்டாக்கையும் சாவையும் தடுக்குதா. இது மூணும் வேற வேற. வலி கொறைஞ்சும் ஆள் போகலாம். நம்ம நாக்கடி மாத்திரையே மொதல் வேலைக்குத்தான், அது அடைப்ப ஒண்ணும் பண்றது இல்ல. அதனால யாராவது "ஸ்டடி இருக்கு"ன்னா மொதல் கேள்வி, எத அளந்தாங்க?

இப்ப ஸ்டடி தேடுறது. நேரா கோக்ரேன் லைப்ரரிக்குப் போங்க. ஒரு மருந்துக்கு நடந்த ட்ரயல் எல்லாத்தையும் சேத்து வெச்சு சலிச்சு எழுதுறது அவங்க வேலை, சுருக்கம் ஃப்ரீ, சாதாரண ஆளுக்குப் புரியற மாதிரியும் ஒரு பத்தி இருக்கும். மருந்துப் பேரையும் ஆஞ்சைனாவையும் போட்டுத் தேடுனா 2008-ல வந்த ரிவ்யூ கிடைக்கும். 15 ட்ரயல், மொத்தம் 1776 பேரு. வலி வர்றது கொறைஞ்சுது, ஈசிஜி கொஞ்சம் நல்லாச்சு, கூட நைட்ரோகிளிசரின் (நம்ம நாக்கடி மாத்திரைதான்) வெச்சுக்க வேண்டிய தேவை கொறைஞ்சுது, பெரிய பக்கவிளைவு எதுவும் கண்ணுல படல. இதோட நிறுத்துனா மாத்திரை பாஸ். விக்கிறவங்க பக்கம் எல்லாம் இதோடதான் நிக்குது. அடுத்த வரி, இந்த ட்ரயல்களோட தரம் மோசம், அதனால ஆதாரம் பலவீனம், ஒழுங்கான ட்ரயல் வேணும்னு அவங்களே எழுதிருக்காங்க. நான் இப்ப எந்த ரிவ்யூ படிச்சாலும் கடைசி பத்திய மொதல்ல படிக்கிறேன்.

தரம் மோசம்னா என்னன்னு எனக்கு மொதல்ல பிடிபடல, அதனால அதயும் தோண்டினேன்.

இந்த மாதிரி சீன ட்ரயல்கள்ல "மொத்தப் பலன் விகிதம்"னு ஒரு நம்பர் அடிக்கடி வரும், தொண்ணூறு பர்சன்ட்லாம் போட்டிருப்பாங்க. அது எப்படி வருதுன்னா, ஆளுங்கள மூணு கூடையில போடுவாங்க: நல்ல பலன், பலன், பலன் இல்ல. வலி வர்றது எம்பது பர்சன்டுக்கு மேல கொறைஞ்சா நல்ல பலன், அம்பதுல இருந்து எம்பது பர்சன்டுனா பலன், அதுக்கும் கீழனா இல்ல. அப்புறம் மொத ரெண்டு கூடையையும் கூட்டி ஒரே நம்பர். எங்க அப்பாவ வெச்சே பாக்கலாம். வாரத்துக்கு பத்து தடவ நெஞ்சு பிடிச்சவருக்கு அஞ்சு தடவனு ஆனா, பாஸ். அவரு அந்த மாசம் மருந்துக்காக அப்படி ஆனாரா, இல்ல லிஃப்ட் ரிப்பேர் சரியாகி மாடி ஏறாததனாலயானு அந்தக் கூடைக்குத் தெரியாது. ஆஞ்சைனாவே அப்படித்தான், ரொம்ப மோசமா இருக்கிற வாரத்துலதான் ஆளு டாக்டர்கிட்ட போவாரு, ட்ரயல்ல சேருவாரு, அடுத்த வாரம் தானாவே கொஞ்சம் எறங்கும், அந்த நேரத்துல எத முழுங்குனாலும் அதுக்குத்தான் பேரு.

அதனால மூணாவது கேள்வி, எதோட ஒப்பிட்டாங்க? பழைய ட்ரயல் நெறைய இந்த மாத்திரைய வேற மருந்தோட ஒப்பிட்டது, ஒண்ணுமில்லாத டம்மி மாத்திரையோட ஒப்பிட்டது இல்ல. நெஞ்சு வலி விஷயத்துல டம்மி ரொம்ப முக்கியம், ஏன்னா மனசுக்கு நம்பிக்கை வந்தாலே வலி கொறையும். நான் சும்மா சொல்லல. 1950-கள்ல அமெரிக்காவுல ஆஞ்சைனாவுக்கு நெஞ்சுக்குள்ள ஒரு ரத்தக்குழாய கட்டிவிடுற ஆபரேஷன் ஃபேமஸா இருந்துச்சு, செஞ்சுக்கிட்டவங்க சூப்பரா இருக்கோம்னாங்க. 1959-ல சியாட்டில்ல காப்னு ஒரு டாக்டரோட டீம் 17 பேர எடுத்து, பாதிப் பேருக்கு நிஜ ஆபரேஷன், மீதிப் பேருக்கு நெஞ்சுல கீறி தையல் மட்டும் போட்டு விட்டாங்க. ரெண்டு கோஷ்டிக்கும் ஒரே மாதிரி நல்லாச்சு. அடுத்த வருஷம் இன்னொரு டீமும் செஞ்சு அதேதான் கண்டாங்க, அந்த ஆபரேஷன் கதை அதோட முடிஞ்சுது. ஸ்டென்ட்டையே, அதான் அடைச்ச ரத்தக்குழாய தொறந்து வெக்கிற குட்டி வலைக்குழாய், அதையே விடல, 2017-ல பிரிட்டன்ல ஆர்பிட்டானு ஒரு ட்ரயல், 200 பேரு, பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வெக்கிற மாதிரி நடிச்சு வெக்காம விட்டாங்க, ட்ரெட்மில்ல ஓடுற நேரத்துல வித்தியாசம் வெறும் 16 செகண்ட் சொச்சம். (இது மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டுட்டு இருந்த, அவசரம் இல்லாத ஆஞ்சைனாக்காரங்களுக்கு. அட்டாக் வந்தவங்களுக்கு ஸ்டென்ட் உசுரக் காப்பாத்தும், கொழப்பிக்காதீங்க. மாத்திரைய நிறுத்திட்டு செஞ்ச 2023 ஆர்பிட்டா ரெண்டுல ஸ்டென்ட் வலிய கொறைக்குதுன்னும் வந்துச்சு.) இங்கிலீஷ் மருந்துக்கு இவ்ளோ கறார்னா சீன மாத்திரைக்கும் அதே கறார்தான், சித்த மருந்துக்கும் அதேதான்.

இதுல ஒரு நடைமுறைச் சிக்கல் வேற இருக்கு. நம்ம உருண்டைய நாக்குக்கு அடியில வெச்சா சில்லுனு இருக்கும், கசக்கும், கற்பூரம் மணக்கும். டம்மிய எப்படி அப்படியே செய்யறது? வாசனை இல்லாத டம்மினா ஆளு ஒரே செகண்ட்ல கண்டுபிடிச்சிருவாரு. அதனால "டபுள் பிளைண்ட்"னு (யாருக்கு மருந்து, யாருக்கு டம்மினு நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாது) போட்டிருந்தா, டம்மிக்கும் அதே மணம் இருந்துச்சானு பாருங்க.

நாலாவது, சீட்டுக் குலுக்கிப் பிரிச்சாங்களானு பாக்கணும். மருந்து கோஷ்டிக்கு யாரு, மத்த கோஷ்டிக்கு யாருன்னு டாக்டர் கையில விட்டா தெம்பா இருக்கிறவங்க எல்லாம் ஒரே பக்கம் போயிடுவாங்க. பேப்பர்ல எல்லாரும் "ரேண்டமா பிரிச்சோம்"னுதான் எழுதுறாங்க. நான் சொன்ன 2008 ரிவ்யூ டீம்ல இருந்த வூ தைசியாங்னு ஒருத்தர், அவரும் கூட்டாளிங்களும் ஒரு வேலை பண்ணாங்க. ரேண்டம் ட்ரயல்னு சொல்லி சீன ஜர்னல்கள்ல வந்த கட்டுரைகள எடுத்து, எழுதினவங்களுக்கே ஃபோன் போட்டு "எப்படிங்க பிரிச்சீங்க?"ன்னு கேட்டாங்க. 2235 கட்டுரைக்காரங்க பேசுனாங்க. உண்மையிலயே சரியான முறையில பிரிச்சது 207. இது 2009-ல வெளிய வந்துச்சு. சீன மருந்து மட்டும் இல்ல, இங்கிலீஷ் மருந்து ட்ரயலும் அந்தக் கணக்குல சேத்திதான். எனக்கு இதுல பிடிச்சது, இத வெளிய கொண்டாந்தவங்க சீன ஆராய்ச்சியாளர்களே. வெளிநாட்டுக்காரன் பொறாமையில சொல்றான்னு தட்டிவிட முடியாது.

"அப்ப எல்லாமே குப்பையா"ன்னு கேட்டீங்கனா, இல்ல. கடந்த சில வருஷத்துல ஆட்டம் மாறிருக்கு. ரெண்டு பெரிய ட்ரயல் சொல்றேன், ரெண்டுலயும் டம்மி மாத்திரை இருந்துச்சு, ரெண்டும் எங்க பாட்டில் பத்தினது இல்ல.

ஒண்ணு ஷெசியாங் பாவ்சின். சீனாவுல 97 ஆஸ்பத்திரி, ஸ்டேபிளா இருக்கிற இதய நோயாளிங்க 2674 பேரு, வழக்கமான மருந்தோட கூட இது, ரெண்டு வருஷம். அட்டாக், ஸ்ட்ரோக், இதயத்தால சாவு, இது மூணையும் சேத்து எண்ணுனா மருந்து பக்கம் 1.9 பர்சன்ட், டம்மி பக்கம் 2.7 பர்சன்ட். 2021-ல வந்த இந்த ரிசல்ட்ட கடைக்காரர் "முப்பது பர்சன்ட் கொறைக்குது"ன்னு சொல்லுவாரு. ஆனா அந்த வித்தியாசம் தற்செயலா வர வாய்ப்பு நெறைய இருக்குன்னு கணக்கு சொல்லுது, அதனால நிரூபணம் ஆகல. வலி வர்ற தடவைகள் கொஞ்சம் கொறைஞ்சுது, அது வேற கேள்விக்குப் பதில், மேல சொன்னத ஞாபகம் வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு டோங்சின்லுவோ, இதுதான் உலகம் பூரா பேசப்பட்டது. ஜாமானு பேர்போன அமெரிக்க மருத்துவ ஜர்னல்ல 2023 அக்டோபர்ல வந்துச்சு. 124 ஆஸ்பத்திரி, 3777 பேரு, எல்லாருமே பெரிய வகை ஹார்ட் அட்டாக் வந்து 24 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க. முப்பது நாள்ல சாவு, மறுபடி அட்டாக், ஸ்ட்ரோக் மாதிரி பெரிய ஆபத்து எல்லாத்தையும் கூட்டினா மருந்து பக்கம் 3.4 பர்சன்ட், டம்மி பக்கம் 5.2. ஒரு வருஷத்துல 5.3, 8.3. இது தற்செயல் இல்லன்னு கணக்கும் சொல்லுது. நூறு பேருக்கு முப்பது நாள்ல கிட்டத்தட்ட ரெண்டு பேரு தப்பிச்சிருக்காங்க, சின்ன விஷயம் இல்ல. வயித்துப் பிரச்சனை மாதிரி தொந்தரவு மருந்து பக்கம் அதிகம், 2.1-க்கு 1.1. ஆனா கவனிங்க, அத்தன பேருக்கும் ஆஸ்பத்திரியில வழக்கமான வைத்தியம் எல்லாம் நடந்துச்சு, கேப்ஸ்யூல் அதுக்கு மேல கூடுதல். வீட்ல உக்காந்து கேப்ஸ்யூல் மட்டும் முழுங்கினவங்க ஒருத்தர் கூட அதுல இல்ல. "அட்டாக்குக்கு சீன மருந்து வேலை செய்யுதுன்னு ஜாமாவே சொல்லிருச்சு"ன்னு எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வர்டு வந்துச்சு, அதுல இந்த ஒரு வரி மட்டும் காணோம்.

டான்ஷென் மாத்திரைக்கு அமெரிக்காவுல எஃப்டிஏனு மருந்துக்கு அனுமதி குடுக்கிற அரசு அமைப்புகிட்ட அனுமதி வாங்க பல வருஷமா முயற்சி பண்றாங்க, ஆயிரம் பேருக்கு மேல வெச்சு மூணாம் கட்ட ட்ரயல் வரைக்கும் போனாங்க. "எஃப்டிஏ ட்ரயல் செஞ்ச மருந்து"ன்னு பெட்டியில பாத்தா, ட்ரயல் செஞ்சது வேற, அனுமதி குடுத்தது வேற. அவ்ளோதான்.

இனி பாதுகாப்பு. என்னையக் கேட்டா பலனை விட இதுதான் மொதல்ல பாக்க வேண்டியது, ஏன்னா நெஞ்சு வலிக்காரங்க யாரும் ஒரே மாத்திரையில இருக்கிறது இல்ல, ஒரு டப்பா நெறைய வெச்சிருப்பாங்க.

ரத்தம் உறையாம இருக்க குடுக்கிற வார்ஃபரின் சாப்பிடுறவங்க டான்ஷென் பக்கமே போகாதீங்க, ரத்தம் உறையாம கசிஞ்சு ஆஸ்பத்திரியில சேர்ந்த கேஸ் மருத்துவ ஜர்னல்கள்ல பதிவாகியிருக்கு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுறவங்களும் டாக்டர கேக்காம இந்த மாதிரி எதையும் கூட சேக்காதீங்க. ஷெசியாங் பாவ்சின்ல இருக்கிற தேரை விஷம், டிஜாக்ஸின்னு இதய மருந்து ஒண்ணு இருக்கே, அதோட உறவுக்காரன் மாதிரி வேலை செய்யும், ரெண்டும் சேந்தா இதயத் துடிப்பு தாறுமாறா ஆகலாம். "மூலிகைதானே"ன்னு சொல்றவங்ககிட்ட குவான்சின் சூஹே கதைய சொல்லுங்க. அதுவும் நெஞ்சு வலி மாத்திரைதான், பழைய ஃபார்முலாவுல அரிஸ்டோலோக்கியா இனத்து வேர் ஒண்ணு இருந்துச்சு, கிட்னிய கெடுத்து கேன்சரையும் வரவைக்கிற அமிலம் அதுல உண்டு, அப்புறம்தான் சீனாவுலயே அந்த வேர எடுத்துட்டு வேற போட வெச்சாங்க. வருஷக்கணக்கா சாப்பிட்டவங்கள்ல சிலருக்கு நெஞ்சு எப்படி இருந்துச்சோ, கிட்னி போச்சு.

இன்னொண்ணு, அப்பா மாதிரி யோசிக்கிறவங்களுக்கு. உள்ள இருக்கிறது கற்பூரம்தானேன்னு வீட்ல இருக்கிற கற்பூரத்த கிள்ளி நாக்குக்கு அடியில வெச்சுடாதீங்க. பூஜைக் கற்பூரம் விஷம், கொஞ்சம் உள்ள போனாலே வலிப்பு வரலாம், கொழந்தைங்களுக்கு இன்னும் மோசம். பச்சைக் கற்பூரம்னு கடையில குடுக்கிறதும் என்ன சரக்குன்னு யாருக்குத் தெரியும், பொங்கலுக்கு சிட்டிகை போடறதோட நிக்கட்டும்.

ஆனா எல்லாத்தையும் விடப் பெரிய ஆபத்து உருண்டைக்குள்ள இல்ல, காத்திருக்கிறதுல இருக்கு. லேபிள்ல அவசரத்துக்கு பத்துல இருந்து பதினஞ்சு உருண்டை நாக்குக்கு அடியிலன்னு போட்டிருக்கு. வெச்சுட்டு என்ன பண்ணுவோம், கொறையுதானு பாப்போம். பத்து நிமிஷம், அப்புறம் இன்னும் பத்து நிமிஷம். அடைச்ச குழாய்க்குக் கீழ இதயத் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கிட்டு இருக்கும். எங்க டாக்டர் நைட்ரோகிளிசரினுக்கே சொன்ன கணக்கு, உக்காந்து ஒண்ணு வெச்சு அஞ்சு நிமிஷம், கொறையலனா ஃபோன். டாக்டர் குடுத்த மாத்திரைக்கே அஞ்சு நிமிஷம்தான் டைம்னா அங்கிள் குடுத்ததுக்கு அதுக்கு மேல ஏன் குடுக்கணும்?

கடைசியா டாக்டர்கிட்ட எப்படிக் கேக்குறது. "சீன மருந்து சாப்பிடலாமா"ன்னு மொட்டையா கேட்டா "வேண்டாம்"னு மொட்டையா வரும், அப்புறம் வீட்ல ஒளிச்சு வெச்சு சாப்பிடுவாங்க. பாட்டில கையோட எடுத்துட்டுப் போங்க, இல்லனா லேபிள், சீன எழுத்து, பேட்ச் நம்பர் தெரியற மாதிரி நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்துக்கோங்க. சாப்பிடுற எல்லா மாத்திரையும் ஒரே பையில போட்டுட்டுப் போங்க. ஏற்கனவே சாப்பிட ஆரம்பிச்சிருந்தா எத்தனை நாளா, ஒரு நாளைக்கு எத்தனைனு உண்மையச் சொல்லுங்க. கேள்விய "இது என்னோட இந்த மாத்திரைங்களோட சேருமா"ன்னு மாத்திக் கேளுங்க, பதில் வேற மாதிரி வரும்.

நாங்க அப்படித்தான் போனோம். டாக்டரம்மா பாட்டில வாங்கி மூடியத் தொறந்து மோந்து பாத்தாங்க, ஃபைல்ல பேர எழுதிக்கிட்டாங்க, "அங்கிள், இது உங்க நாக்கடி மாத்திரைக்குப் பதிலா கிடையாது, கூட சேக்கவும் இப்ப நான் சொல்ல மாட்டேன்"னாங்க. அப்பா முகம் தொங்கிருச்சு, மேல் வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்றதுன்னு அவருக்குக் கவலை. பாட்டில் இப்ப ஷோகேஸ்ல தஞ்சாவூர் பொம்மை பக்கத்துல நிக்குது. ஃபிரிட்ஜ் கதவுல ஒரு பேப்பர் ஒட்டிருக்கேன்: உக்காரு, நாக்கடி மாத்திரை, அஞ்சு நிமிஷம், 995. அதுக்குக் கீழ அப்பா பேனாவுல, "வாசக்கதவத் தொறந்து வை"ன்னு அவரா எழுதிச் சேத்துருக்காரு.